ஸெலிமோவின் கடைசிப் பக்கம்

வந்திருந்தோர்:

திரு. ஹென்ட்ரிக் டெ ராண்ட், தலைவர், சர்க்கரைத் தரகர்.
திரு. இசாக் டெல் பிராடோ, செயலாளர்.
திரு. ஆல்பர்ட்டஸ் பிக்கர்ஸ், மருந்துக் கடைக்காரர், முதன்மை நடிகர்.
திரு. லோடெவைக் ஃபான் டோர்ன், பொருளாளர் (காய்ச்சல், வந்ததாகக் குறித்துக்கொள்ளவும்).

பாராமரிபோ, டச்சு சுரினாம், 1873 ஏப்ரல் 3, வியாழன்.

இந்தப் பட்டியலை எழுதியவன் நான். காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவரின் பெயர் இருக்கிறது. மேஜைக்கு ஒரு முழம் தள்ளி மைக்கூட்டோடு உட்கார்ந்திருந்த என் பெயர் இல்லை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். நாடகச் சங்கத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறவன் வந்தவர்களில் சேர்த்தி இல்லை. செயலாளரின் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் குறிப்பெடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

கூட்டம் மேடைமேல்தான் நடக்கும். மழைக்காலத்தில் சங்கத்தின் அறை ஒழுகும். நடுமேடையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, எதிரே இருட்டில் காலி இருக்கைகள். டெ ராண்ட் எங்களிடம் பேசும்போதும் அந்த இருக்கைகளைப் பார்த்துத்தான் பேசுவார்.

“ஜூலை ஒண்ணாந்தேதியோட அரசாங்க மேற்பார்வை முடியுது” என்றார். “அடிமைங்களுக்கு விடுதலை குடுத்துப் பத்து வருஷம் ஆச்சு. இனிமே கட்டாய ஒப்பந்த வேலை கிடையாது, அவனவன் இஷ்டத்துக்குப் போகலாம். ஊரே கொண்டாடும். நாம கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லா இருக்காது. ‘ஸெலிமோ’ போடுவோம்.”

“மறுபடியுமா?” என்றார் டெல் பிராடோ.

“மறுபடின்னா? கடைசியா போட்டு இருபத்தேழு வருஷம் ஆச்சய்யா.”

“அப்ப எங்க மாமாதான் ஸெலிமோ” என்றார் பிக்கர்ஸ். “கடைசிக் காட்சியில அவர் முட்டி போட்டதும் முன் வரிசையில ஒரு அம்மா மயங்கியே விழுந்தாங்க.”

“புழுக்கத்துல விழுந்திருப்பாங்க.”

“மெனேர் டெல் பிராடோ, உங்களுக்குக் கலை தெரியாது.”

‘ஸெலிமோ’ நூறு வருடத்துக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் அச்சான செய்யுள் நாடகம். எழுதியவர் எங்கள் ஊரை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். எங்கள் நாட்டிலேயே இல்லாத சிங்கம் அவருடைய சுரினாம் ஆற்றங்கரையில் வருகிறது. ஸெலிமோ அந்தச் சிங்கத்திடமிருந்து எஜமானைக் காப்பாற்றுகிறான். ஐந்தாம் அங்கத்தில் எஜமான் விடுதலைச் சீட்டு எழுதி நீட்டுகிறார். ஸெலிமோ முழந்தாளிட்டுப் பன்னிரண்டு வரி நன்றி சொல்கிறான். திரை விழுகிறது. எங்கள் ஊரில் நான்கு முறை போட்டிருக்கிறார்கள்: 1779, 1804, 1829, 1846. நான்கு விளம்பரத் தாள்களும் சட்டம் போட்டு வாசலில் தொங்குகின்றன. நான்கிலும் ஒரே தலைப்பு: ‘ஸெலிமோ, அல்லது நன்றியுள்ள அடிமை’. நான்கு முறையும் ஸெலிமோவாக நடித்தது கருக்கிய தக்கையை முகத்தில் பூசிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரர்.

“இந்தத் தடவை புதுசா ஒண்ணு” என்றார் டெ ராண்ட். “மேல் மாடத்துல விடுதலையானவங்களை உக்கார வைப்போம். இலவசமா. அதோட மேடையிலயும் நிஜமான ஆளுங்க இருபது பேர். பிக்கர்ஸ் முட்டி போட்டதும் பின்னால இருபது பேரும் சேர்ந்து போடணும். எப்படி இருக்கும்!”

“என்னை மறைக்காம இருந்தா சரி” என்றார் பிக்கர்ஸ்.

நான் எழுதிக்கொண்டேன்.

*

நான் இரவில் அச்சுக் கோப்பவன். சகோதரர் சபைப் பள்ளியில் வாத்தியார் படிப்பைப் பாதியில் விட்ட பிறகு ஒரு வாரப் பத்திரிகையின் அச்சகத்தில் சேர்ந்தேன். இரவு வேலை செய்கிறவனுக்குப் பகலில் சரியாகத் தூக்கம் பிடிக்காது. அதனால் நடிகர்களுக்குப் படியெடுக்கும் வேலையைப் பகலில் செய்வேன். ஒரு நடிகனுக்கு முழு நாடகத்தையும் யாரும் கொடுப்பதில்லை. அவன் பேச வேண்டியது, அதற்கு முன்னால் மற்றவன் பேசி முடிக்கும் கடைசி நாலு சொல், அவ்வளவுதான். முழு நாடகமும் இருப்பது மேடையின் முன்னால் குழியில் குந்தியிருக்கும் என்னிடம் மட்டும். அதிலும் பிக்கர்ஸ் தன் படியைக்கூடப் படிக்க மாட்டார். நான் கிசுகிசுப்பேன், அவர் முழங்குவார்.

சங்கத்திடம் இருந்தது ஒரே ஒரு அச்சுப் புத்தகம். முன்னால் சிங்கப் படம் இருக்கும். அதை அடுத்த தலைப்புத் தாள் எப்போதோ கிழிந்துவிட்டது. எனக்கு முன்னால் குழியில் இருந்தவர்களின் கட்டைவிரல் அழுக்கு ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இருந்தது. ஏப்ரல் கடைசியில், ஒரு மழைப் பகலில், ஐந்தாம் அங்கத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அதன் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

நகத்தால் நெருடிப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு தாள். அச்சடித்த ஒரு தாளைப் பக்கத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் மரவள்ளி மாவைக் காய்ச்சி. கப்பலில் வந்து இறங்கி ஒரு வருடம்கூட ஆகாத யாரோ செய்த வேலை. மரவள்ளிப் பசை என்றால் எங்கள் ஊர்க் கரப்பான் பூச்சிக்குக் கல்யாணச் சாப்பாடு. தொண்ணூற்றுச் சொச்சம் வருடமாக அவை பந்தி வைத்து உண்டிருக்கின்றன. பசை போய், ஒட்டிய தாளும் பாதி போய், கை வைத்ததும் மிச்சம் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியிலிருந்த பக்கம் அச்சான அன்று போலவே இருந்தது.

அதில் ஸெலிமோ முழந்தாளிடவில்லை. எஜமான் சீட்டை நீட்டி, “என்ன, ஒன்றும் சொல்ல மாட்டாயா?” என்கிறார். ஸெலிமோ வாங்கிக்கொள்கிறான்.

“தாளை எடுத்துக்கொள்கிறேன். நன்றி உன்னிடமே இருக்கட்டும். என்னுடையதை என்னிடம் தந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல?”

அதன் கீழே சாய்ந்த எழுத்தில்: அவன் வெளியே போய்க் கதவைச் சாத்துகிறான். வெளியிலிருந்து பூட்டும் சத்தம். எஜமான் உள்ளே நிற்கிறார். திரை.

மூன்று முறை படித்தேன். எனக்கு நாடகத்தின்மேல் பெரிய மோகம் எதுவும் கிடையாது. சிங்கத்தை மன்னிக்க முடியாது. ஆனால் எனக்குப் பதினைந்து வயதில் விடுதலைச் சீட்டு வந்தது. என் அம்மா எட்டு வருடம் ஊராரின் துணியை வெளுத்து என்னை விலைக்கு வாங்கினாள். எங்கள் எஜமான் மொல்லியர் வீட்டு முன்னறையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அம்மா என் பிடரியை அழுத்தி, “நன்றி சொல்லுடா” என்றாள். சொன்னேன். அவளும் சொன்னாள். அவர் எங்களுக்குக் குடும்பப் பெயரும் கொடுத்தார்: மொல்லியர் என்ற பெயரின் டச்சு எழுத்துகளைப் பின்னாலிருந்து எழுதி, ரெய்லோம். அதற்கும் நன்றி சொன்னோம்.

இந்தப் பக்கத்தை அந்த மேடையில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, யாராவது சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

அடுத்த கூட்டத்தில் புத்தகத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். டெ ராண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“அச்சுப் பிழை” என்றார்.

“மெனேர், நான் அச்சுக் கோக்குறவன். பிழைன்னா எழுத்து மாறும், வரி விட்டுப்போகும். ஒருத்தன் கதவைச் சாத்திட்டு வெளிய போறது பிழையில வராது.”

பிக்கர்ஸ் எட்டிப் பார்த்தார். “மூணே வரியா? என் பன்னெண்டு வரி எங்க?”

“அது பின்னால ஒட்டினது, மெனேர்.”

“எங்க மாமா ஒட்டினதையா சொன்னாரு? கேட்டீங்களா, அந்த மாமாவோட மருமகனுக்கே எடுத்துக் குடுக்குறவன் பாடம் நடத்துறான்!”

டெல் பிராடோ புத்தகத்தைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். பழைய புத்தகங்கள் பற்றி ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. “அந்தக் காலத்துல திருட்டுப் பதிப்பு நிறைய” என்றார் மெதுவாக. “அசல்னா தலைப்புத் தாளோட பின்பக்கத்துல பதிப்பிச்சவர் தன் கையால கையெழுத்துப் போட்டிருப்பார். இதுல அந்தத் தாளே இல்ல. அசலா, திருட்டான்னு சொல்ல வழியில்ல.”

“பாத்தியா?” என்றார் டெ ராண்ட். “எவனோ கலகக்காரன் திருட்டுத்தனமா அச்சடிச்சது. நம்ம முன்னோர் கண்டுபிடிச்சுச் சரியானதை மேல ஒட்டியிருக்காங்க.”

“திருட்டுப் பதிப்பு போடுறவன் முடிவை மாத்த மாட்டான், மெனேர். அப்படியே திருடினாத்தான் அவனுக்கு விக்கும்.”

“வாய் நீளுது, ரெய்லோம்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி. கையெழுத்துள்ள பிரதி ஒண்ணு கொண்டா. அதுலயும் இதே இருந்துச்சுன்னா அப்படியே போடுவோம். என் வார்த்தை.”

கொண்டுவர முடியாது என்று தெரிந்துதான் வார்த்தை கொடுத்தார்.

மே மாதம் முழுவதும் பகல் தூக்கத்தை விட்டு அலைந்தேன். பழைய தோட்ட நிர்வாகிகளின் வீடுகள், பாதிரிகள், ஒரு நோட்டரியின் விதவை. அந்த அம்மா புத்தகங்களைக் கட்டிலின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். தரையில் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று வேதாகமம், ஒரு குதிரை வைத்தியம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகக் கடைக்கு எழுதினேன். ஜூன் பத்தாம் தேதி நீராவிக் கப்பலில் பதில் வந்தது: தாங்கள் கேட்ட பதிப்பு எங்கள் பட்டியலில் இல்லை, 1781இல் வந்த ‘நன்றியுள்ள அடிமை’, திருத்தி மேம்படுத்திய பதிப்பு, கைவசம் இருக்கிறது, அனுப்பலாமா?

இங்கே ஒட்டியதைப் பார்த்து அங்கே அச்சடித்திருக்கிறார்கள். அங்கே அச்சடித்ததைக் காட்டி இங்கே நடித்திருக்கிறார்கள். கடிதத்தைக் கசக்கி ஆற்றில் எறிந்தேன். அலை அதைத் திருப்பிக் கரையிலேயே கொண்டுவந்து போட்டது.

*

விடை யாபா அத்தையிடம் இருந்தது. ஆற்றங்கரைத் தெருவில் பெரிய மனிதர்களின் கழுத்துப்பட்டிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கிறவள் அவள். அம்மாவோடு ஒரே தொட்டியில் துணி வெளுத்தவள். மேடையில் முட்டி போட இருபது பேரைக் கூட்டிவரும் பொறுப்பை டெ ராண்ட் அவளிடம்தான் விட்டிருந்தார்.

என் வீட்டுக்கு மரவள்ளிக் கேக்கு கொண்டுவந்தவள், மேஜையில் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இந்தச் சிங்கத்தை நான் பாத்திருக்கேனே. நாய்க்கு முடி முளைச்ச மாதிரி.”

“எங்க அத்தை?”

“டெல் பிராடோ வீட்டுக் கண்ணாடி அலமாரியில. தூசு தட்டுறப்ப ஒரு தடவை விரிச்சுப் பாத்தேன். அந்தாளு என்னமோ அவர் பெண்டாட்டியத் தொட்ட மாதிரி கத்தினார்.”

அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து, அசல் பிரதிக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

“அத்தை, கிடைச்சுட்டா நீங்க யாரும் முட்டி போட வேண்டாம்.”

“ஏன்டா, அதுல என்ன? வெள்ளாவிக்குப் போடாத முட்டியா? கோர்னெலிஸ், முப்பது வருஷம் அந்தக் கொட்டகைக்கு வெளிய லாந்தரைப் புடிச்சிக்கிட்டு நின்னிருக்கேன். உள்ள சிரிப்பாங்க, கை தட்டுவாங்க, எனக்குத் தெரிஞ்சது மழை மட்டுந்தான். உள்ள எப்படியிருக்குன்னு பாக்கணும். முட்டி போட்டுத்தான் பாக்கணும்னா போட்டுட்டுப் போறேன்.”

“அவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி ஆகுது, அத்தை.”

“நான் எங்க சொல்றேன்? முட்டிதான போடுது. வாய் சும்மாத்தான இருக்கு.”

அவளிடம் பேசிப் பயனில்லை. டெல் பிராடோ வீட்டுக்குப் போனேன்.

அவர் மறுக்கவில்லை. அலமாரியைத் திறந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சிங்கம். தலைப்பு: ‘ஸெலிமோ’. வேறு ஒரு சொல் கிடையாது. புரட்டினால் பின்பக்கத்தில் பழுப்பு மையில் ஒரு கையெழுத்து. அதற்கு மேல் புரட்ட முடியவில்லை. மடித்துத் தைத்த தாள்கள் மடித்தபடியே இருந்தன. நூறு வருடமாக யாரும் விளிம்பை வெட்டியதில்லை. அதாவது யாரும் படித்ததில்லை.

“தாத்தா வாங்கினது” என்றார். “வெட்டாம வெச்சிருந்தா வெட்டினதைவிட மூணு பங்கு மதிப்புன்னு சொல்லிட்டுப் போனார்.”

“யாருக்கு விக்கப் போறீங்க, மெனேர்?”

“விக்கப் போறேன்னு யார் சொன்னா?”

தாள் வெட்டும் கத்தி மேஜையிலேயே கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவர் அதை எடுத்து இழுப்பறையில் போட்டார். கடைசி மடிப்பைக் கையில் எடுத்து விரலால் குழாய் போல் உப்ப வைத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் உள்ளே எழுத்து தெரிந்தது. தாளை எடுத்துக்கொள்கிறேன். நன்றி உன்னிடமே.

“பாருங்க, மெனேர்.”

அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துச் சாவியைத் திருகினார்.

“நீங்களே படிச்சுட்டீங்க” என்றேன்.

“வெட்டாத புத்தகத்தை யாராலயும் படிக்க முடியாது, ரெய்லோம்.”

“இப்பத்தான படிச்சீங்க!”

“எட்டிப் பாத்தேன்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “எங்க யூத ஆளுங்களை அந்தச் சங்கத்துல சேத்துக்கவே அறுபது வருஷம் ஆச்சு. என் தாத்தாவை வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க. அவர் வீட்டுல தனியா மேடை போட்டுக்கிட்டார். நான் செயலாளர் ஆகி மூணு வருஷம். இந்த ஒரு பக்கத்துக்காக அதை விடச் சொல்றியா?”

“ஆமா.”

“நீ வயசுல சின்னவன்.”

“முப்பத்து மூணு, மெனேர்.”

“அதான்.”

*

ஜூலை முதல் தேதி செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை, ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் மாடம் நிரம்பி வழிந்தது. கீழே வெள்ளை உடைகளும் விசிறிகளும். நான் குழிக்குள் இறங்கினேன். இடுப்புவரை தரைக்குக் கீழே, தலைக்கு மேல் ஒரு மரக் கூடு, கண்ணுக்கு நேரே பிக்கர்ஸின் பூட்ஸ். ஒத்திகை முழுவதும் பிக்கர்ஸின் மாமா வைத்திருந்த பழைய படியைப் பார்த்து அந்தப் பன்னிரண்டு வரியைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாலு அங்கம் ஒழுங்காகப் போயிற்று. சிங்கம் வந்தபோது மேல் மாடத்தில் சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. ஐந்தாம் அங்கத்தில் யாபா அத்தையும் மற்றப் பத்தொன்பது பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஸெலிமோ முட்டி போட்டால் நீங்களும் போட வேண்டும், யாபாவைப் பார்த்துப் போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

எஜமானாக நடித்தவர் சீட்டை நீட்டினார். பிக்கர்ஸ் வாங்கிக்கொண்டு வழக்கம்போல் என் பக்கம் ஒரு காதைச் சாய்த்தார்.

“தாளை எடுத்துக்கொள்கிறேன்” என்று கிசுகிசுத்தேன்.

“தாளை எடுத்துக்கொள்கிறேன்!” என்று முழங்கினார்.

அடுத்த வரியைக் கொடுத்தேன்: “நன்றி உன்னிடமே இருக்கட்டும்.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தக்கைக் கரியின் நடுவே கண் இரண்டும் வெள்ளையாக என்மேல் விழுந்தன.

“டேய்,” உதட்டை அசைக்காமல், “வரி குடு.”

“நன்றி உன்னிடமே இருக்கட்டும்.”

“அது இல்லடா. என் வரி.”

“இதுதான் வரி. கதவுக்குப் போங்க.”

அவருக்கு வேறு ஒரு சொல்லும் தெரியாது. பன்னிரண்டு வரியில் ஒன்றைக்கூட அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை. மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் மாமாவிடம் பார்த்த ஒன்று மட்டும் அவர் உடம்பில் இருந்தது. தடாலென்று முழந்தாளிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. வேர்வையில் கரி கரைந்து கண்ணுக்குள் இறங்கி, கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

அவருக்குப் பின்னால் யாபா அத்தை முட்டி போடவில்லை. தலையை அண்ணாந்து கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துப் பத்தொன்பது பேரும் அண்ணாந்து நின்றார்கள். டெ ராண்ட் மேடையோரத்திலிருந்து கையை ஆட்டினார். திரை விழுந்தது.

கை தட்டல் ஐந்து நிமிடம் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தையைப் பிடித்தேன். “கேட்டுச்சா? நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. என்னமோ உஸ்ஸு உஸ்ஸுன்னு. பாம்பு வந்த மாதிரி. ஏன்டா, ஒரு விஷயத்தைச் சொல்லணும்னா வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா உனக்கு?” அவள் தலைத்துணியைச் சரிசெய்தாள். “அந்தக் கூரையைப் பாத்தியா? குண்டுக் குழந்தைங்களுக்கு றெக்கை வரைஞ்சிருக்கான். ஒண்ணுக்கும் பொட்டுத் துணி இல்ல. இதுக்கா முப்பது வருஷம் நனைஞ்சேன்!”

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் விமர்சனம் என் கைக்கே வந்தது. ஒவ்வொரு எழுத்தாக நானே கோத்தேன். ‘...நன்றிப் பெருக்கால் நா எழாமல், கண்ணீர் மல்க முழந்தாளிட்ட திரு. பிக்கர்ஸின் மௌனம், எந்தச் செய்யுளையும் விஞ்சியது. அவருக்குப் பின்னால் விடுதலை பெற்ற மக்கள், வானை நோக்கி முகம் உயர்த்தி இறைவனுக்கு நன்றி செலுத்தி நின்ற காட்சி...’ ஒரு வரியை மாற்றினால் வேலை போய்விடும். மாற்றவில்லை. ‘நன்றி’ என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. நாலையும் பிழையில்லாமல் கோத்தேன்.

*

வந்திருந்தோர்:

திரு. டெ ராண்ட், திரு. டெல் பிராடோ, திரு. பிக்கர்ஸ், திரு. ஃபான் டோர்ன் (காய்ச்சல், வந்ததாகக் குறித்துக்கொள்ளவும்).
கோ. ரெய்லோம் (விசாரணைக்காக).

ஜூலை 10, வியாழன். பட்டியலை அன்று டெல் பிராடோ எழுதினார். என் பெயர் அதில் வந்தது அதுதான் முதல் தடவை.

மேடைமேல் அதே மேஜை. பிக்கர்ஸ் ஒரு பீங்கான் கிண்ணத்தில் பசை கொண்டுவந்திருந்தார். மாமாவின் பழைய படியைப் பார்த்து எழுதிய பன்னிரண்டு வரித் தாள் பக்கத்தில் தயாராக இருந்தது.

“பாஷாணம் கலந்திருக்கேன்” என்று என் முகத்துக்கு நேரே கிண்ணத்தைக் காட்டினார். “இனிமே எந்தப் பூச்சியும் வாய் வைக்காது. வெச்சா அங்கேயே சாவும். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்.”

“அடுத்த தடவையாவது அந்தப் பன்னெண்டு வரியப் படிச்சு வெச்சுக்கங்க, மெனேர்” என்றேன்.

“எனக்கு எதுக்கு? பேசாமலே ஊரை அழ வெச்சவன்யா நான்!”

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பசை தடவி ஒட்டினார். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தி நீவினார். ஒரு குமிழிகூட விடவில்லை.

“விசாரணைன்னு பெருசா ஒண்ணும் இல்ல” என்றார் டெ ராண்ட், இருக்கைகளைப் பார்த்து. “நாடகம் நல்லா முடிஞ்சது. ஆனா உன்னை வெச்சுக்க முடியாது. நீயும் புரிஞ்சுக்குவ. சங்கம் பெருந்தன்மையா நடந்துக்கணும்னு நான்தான் சொன்னேன். பன்னெண்டு வருஷம் உழைச்சிருக்க. நற்சான்று எழுதியிருக்கோம். இதைக் காட்டினா எங்கயும் வேலை கிடைக்கும்.”

நாலாக மடித்த தாளை நீட்டினார். எழுந்து போய் வாங்கினேன். முத்திரை இன்னும் காயவில்லை.

அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் காத்திருந்தார். “என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

நான் திட்டம் போட்டு வரவில்லை. அவர் இப்படிக் கேட்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேடை நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பலகைகள்மேல் அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை.

“தாளை எடுத்துக்கொள்கிறேன்” என்றேன். “நன்றி உன்னிடமே இருக்கட்டும். என்னுடையதை என்னிடம் தந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல?”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஆனால் வெளியே வந்தது குழிக்குள்ளிருந்து வரும் குரல்தான். அதே உஸ்ஸு. என் தொண்டைக்கு அது ஒன்றுதான் பழக்கம்.

டெ ராண்ட் கையைக் காதில் குவித்தார். “என்ன சொன்னான்?”

பிக்கர்ஸ் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டு தோளைக் குலுக்கினார். டெல் பிராடோ பேனாவோடு நிமிர்ந்தார். அவருக்கு அந்த வரி தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் படித்தவர். என்னைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார்.

“நன்றி சொன்னான், மெனேர்.”

“ம். எழுதிக்கோங்க.”

எழுதினார். பேனா கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே நான் படியிறங்கி, இருக்கைகளுக்கு நடுவே நடந்து, நான்கு விளம்பரத் தாள்களையும் தாண்டி வாசலுக்கு வந்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் ஐந்தாவதுக்கு ஆணி அடித்திருந்தது. வெளியே மழை விட்டு வெயில் அடித்தது. படியில் கால் வைத்த பிறகுதான் தோன்றியது: வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இன்னொரு தடவை, மேல் மாடம்வரை கேட்கிற மாதிரி.

மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பினேன். காவல்காரர் எனக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டிருந்தார். உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.